நாலடி வழி

ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது இராஜமாணிக்கம் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரை இறக்கிக்கொண்டு வந்தார்கள். பின்வீட்டுக்குப் போக அவர் வீட்டை ஒட்டி நாலடி வழி இருந்தது. அதை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சதுரக்கள்ளி அடைத்துக்கொண்டு நின்றது, ஆள் உயரத்துக்கு மேல், விளிம்பெல்லாம் முள்ளாக. முன்னால் வந்தவன், "ஈ கடெ ஆகல்லா", இந்தப் பக்கம் ஆகாது, என்று கன்னடத்தில் முணுமுணுத்தபடி திரும்பினான்.

"பின்னால சாக்கடை மேல கல்லு போட்டிருக்கு, அப்படி சுத்தி வாங்கண்ணா" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கத்தியது. பின்வீட்டு ரங்கநாதனின் மகள் சௌம்யா. "சீக்கிரம் வாங்க. அப்பாவுக்கு மூச்சு விட முடியல."

இராஜமாணிக்கம் வாயைக் கொப்பளித்தார். அரிவாள் மாடிப்படிக்குக் கீழேதான் இருந்தது. அது நினைவுக்கு வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஹெப்பகோடியில் இந்த மனையை இரண்டு பேரும் சேர்ந்துதான் வாங்கினார்கள். ஒரே கம்பெனியில் ஒரே ஷிப்டில் இருந்தவர்கள். முன்பாதி இவருக்கு, பின்பாதி ரங்கநாதனுக்கு. வழியைப் பத்திரத்தில் எழுதவில்லை. "நமக்குள்ள என்னத்துக்குடா எழுத்து" என்று சொன்னதே இராஜமாணிக்கம்தான்.

பிறகு ஸ்டிரைக் வந்தது. பதினோராம் நாள் ரங்கநாதன் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். சௌம்யா அப்போது டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அது இராஜமாணிக்கத்துக்கும் தெரியும். கடைசிவரை கையெழுத்துப் போடாத ஏழு பேருக்கும் வேலை போயிற்று. ஏழு பேரில் இவர் ஒருவர்.

முதலில் சுவர் வைக்கத்தான் ஆள் கூப்பிட்டார். கட்டடம் என்றால் கேஸ் போடுவார்கள், செடியை யார் கேட்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஆனேக்கல் பக்கம் ஒரு தோட்டத்து ஓரத்தில் கள்ளித் துண்டுகளை வெட்டி டெம்போவில் கொண்டுவந்து, பால் வற்றும்வரை நிழலில் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தனியாளாக நட்டார். ரங்கநாதன் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் பாதியில் விட்டிருப்போமோ என்று இராஜமாணிக்கம் பிற்பாடு பலமுறை நினைத்ததுண்டு. கள்ளிக்கு ஒரு நாளும் தண்ணீர் ஊற்றியதில்லை. ஒன்பது வருஷத்தில் அது பாட்டுக்கு வளர்ந்துவிட்டது.

ஏழரை மணிக்கு அவர் மனைவி ரத்தினம்மாள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"சாக்கடைக் கல்லு மேல ஸ்ட்ரெச்சர் திரும்பலியாம். நாற்காலியில உக்கார வெச்சித் தூக்கினாங்களாம். வண்டிகிட்ட வரதுக்குள்ள போயிட்டாரு."

"எத்தினி நிமிஷம் ஆச்சாம்?"

ரத்தினம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அதை நீங்க எதுக்குக் கேக்கறீங்க?"

மத்தியானம் பின்வீட்டில் பாடையை எப்படி வெளியே எடுப்பது என்று பேச்சு நடந்தது. வேலி வழியாக எல்லாமே கேட்டது. முன்வீட்டில் கேட்டுப் பார்க்கலாம் என்றார் ஒருவர். ரங்கநாதனின் மனைவி, "அவங்ககிட்ட யாரும் போய் நிக்கக் கூடாது. போர்வையில கட்டித் தூக்குங்க" என்றாள்.

இராஜமாணிக்கம் எழுந்துபோய் அரிவாளை எடுத்தார்.

முதல் வெட்டிலேயே பால் பீய்ச்சி முழங்கைவரை வழிந்தது. வெட்டி வெட்டி இந்தப் பக்கம் இழுத்துப் போட்டார். முள் உள்ளங்கையில் ஏறியது. வியர்வை கண்ணில் இறங்க, யோசிக்காமல் புறங்கையால் துடைத்துவிட்டார். மிளகாயைக் கரைத்து ஊற்றியது போல் எரிந்தது. ரத்தினம்மாள் ஓடிவந்து, "போதும், விடுங்க" என்றாள். அவர் விடவில்லை. பாதிக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டே வெட்டினார். அந்தப் பக்கமிருந்து யாரோ வந்து வெட்டிய துண்டுகளை ஒதுக்குவது கேட்டது. எதிரே வெட்ட ஒன்றும் அகப்படாமல் அரிவாள் காற்றில் போனபோது நிறுத்தினார்.

கிட்டத்தில் யாரோ வந்து நின்றார்கள்.

"காலையிலேயே வெட்டியிருக்கலாமே, பெரிப்பா."

சௌம்யாதான். ஒன்பது வருஷமாக அந்தப் பிள்ளை அவரை எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அவர் அரிவாளைக் கீழே போட்டார். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

ரத்தினம்மாள் ஒரு சொம்பு தண்ணீரை அவர் முகத்தில் அடித்தாள். இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. உடனே கண்ணாஸ்பத்திரிக்குப் போகணும் என்றாள். "மொதல்ல அவன் போகட்டும்" என்று சொல்லிவிட்டு இராஜமாணிக்கம் வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டி நின்றார், வழியை அடைக்காமல்.

"வராங்களா?"

"வராங்க."

"முள்ளு கெடக்கு, பாத்து" என்று யாரோ சொன்னார்கள். காலடிகள் நெருங்கின. சாமந்தி வாசனை வந்தது. பாடையின் மூங்கில் அவர் சட்டையை உரசிக்கொண்டு நகர்ந்தது. இராஜமாணிக்கம் இரண்டு விரலால் வலது இமையைப் பிரித்துப் பார்த்தார். வெள்ளையாக ஏதோ கடந்து போயிற்று. வேட்டியா, வெயிலா என்று தெரியவில்லை.