அரக்குப் பூச்சு

இரண்டாவது ஊசியும் முறிந்தது.

ஜேசுராஜ் நுனியைக் குறட்டால் பிடுங்கினான். பியானோவின் கம்பிகளைத் தட்டும் சுத்தியல் வரிசையை அப்படியே உருவியெடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தான். விரலால் அழுத்தும் கட்டைகள் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதைக் காலையிலேயே சரிசெய்துவிட்டான். மிச்சம் இதுதான். சுத்தியல்களின் தலையில் கம்பளி. ஊசியால் குத்தினால் இளகும், நாதம் மென்மையாகும்.

இந்தக் கம்பளியில் ஊசி இறங்கவில்லை. பீரோவுக்கு அடிக்கும் அரக்குப் பாலிஷைப் பூசியிருந்தாள் அம்மா. அது இறுகினால் சத்தம் கூராகித் தெறிக்கும்.

அவள் கூடத்தில், பியானோவுக்குப் பக்கத்தில், சவப்பெட்டியில் கிடந்தாள். போதகர் வந்ததும் ஜெபம். ஒரு பாட்டு. பிறகு மூடிவிடுவார்கள்.

பக்கத்து ஏலக்காய்க் கடை பலவேசம் எட்டிப் பார்த்தார்.

“தம்பி, ஒங்கம்மா சுகிர்தம்மா வாசிச்சா பஜார்ல மாடு மெரளும். இன்னைக்காவது கொஞ்சம் பதமா வரட்டும்.”

“வரும்ண்ணே.”

மெட்ராஸில் பியானோ கடையில் அவனுக்கு இதுதான் வேலை. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது இதையும் பதமாக்கினான். எஸ்டேட் துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போக, போடிமெட்டு மலையிலிருந்து லாரியில் இறங்கிய கிராண்ட் பியானோ. அம்மா ஒரு பாட்டு வாசித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

“உசிரையே எடுத்துட்டியேலே. சத்தமே வரல.”

சொந்தக்காரர்கள் முன்னால். அன்றைக்கே பஸ் ஏறினான். அதற்குப் பிறகு இன்றுதான் வருகிறான்.

அக்கா ராஜமணி காப்பி கொண்டுவந்தாள்.

“நான் செஞ்சத அழிக்கணும்னே பூசியிருக்காக” என்றான்.

அவள் டம்ளரை வைத்தாள்.

“இப்ப ஊரு முன்னால நாந்தான இதுல உக்காந்து வாசிக்கணும்” என்றான் ஜேசுராஜ்.

“ஆறுது. குடிலே.”

கடைசி ஊசியை மாட்டினான். இந்த முறை இடது கோடியில், தடித்த சுரங்களில் தொடங்கினான். அங்கே பூச்சே இல்லை. ஊசி சுலபமாக இறங்கியது. நடுவில் லேசான மினுக்கம். வலப்பக்கம், கீச்சுச் சுரங்களை நோக்கிப் போகப் போக நிறம் ஏறியது. கோடியில் இருந்தவை கறுத்துக் கண்ணாடிபோல் இருந்தன.

அவன் கை நின்றது. கோபத்தில் பூசியிருந்தால் எல்லாவற்றிலும் பூசியிருப்பாள். இது ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பூசிக் காயவைத்து, மறுபடி தட்டிப் பார்த்துப் பூசியது.

“அக்கா. அம்மாவுக்குக் காது கேட்டுச்சா?”

ராஜமணி கூடத்துப் பக்கம் திரும்பினாள்.

“கீச்சுச் சத்தந்தான் மொதல்ல போச்சு. குருவி, சைக்கிள் மணி. பொறவு ஒவ்வொண்ணா.”

“எப்ப இருந்து?”

“நீ வந்தப்பவே.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“காது கேக்காதவளுக்கு எதுக்குப் பியானோன்னு நீ தூக்கிட்டுப் போயிருவேன்னு பயந்தாக. மெட்ராஸுக்குக் கொண்டுபோகட்டுமான்னு அன்னைக்குக் கேட்டேல்ல?”

கேட்டிருந்தான்.

வாசலில் செருப்புச் சத்தம். போதகர்.

“ஆச்சா ஜேசுராஜ்?”

வலப்பக்கம் பாதி வரிசை அப்படியே இருந்தது. ஊசியைக் கழற்றி டப்பாவில் போட்டான்.

“ஆச்சுங்கய்யா.”

வரிசையைத் தூக்கிப்போய் உள்ளே தள்ளித் திருகினான். சத்தம் முழுசாக வெளியே வரும்படி பியானோவின் மேல்மூடியை முழுக்கத் தூக்கி நிறுத்தினான். கூடத்தில் உட்கார்ந்திருந்த பலவேசம் எழுந்து ஜன்னலோரம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

ஜேசுராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தான். கட்டைகள்மேல் விரல்களை வைத்தான்.

ராஜமணி பெட்டியருகே குனிந்து, அம்மாவின் காதுகளில் வைத்திருந்த பஞ்சை எடுத்தாள். முக்காட்டை நேராக்கினாள்.

“வாசிலே” என்றாள்.