மேட்டில் உதறும் கார்

அவள் வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். முன்னறை கடை, பின்னறை அடுப்படி, வாசலில் ஒரு பழைய கார். முட்டையும் மாவும் அவள் சொன்னபடி கேட்கும். கார்தான் காலை வாரிவிடும். மேட்டில் நிறுத்தி எடுத்தால் போதும், யாரோ அடியிலிருந்து உதைத்ததுபோல ஓர் உதறு உதறும். பின்சீட்டிலிருக்கும் மூன்றடுக்குக் கேக் சாய்ந்துபோய் ஜன்னல் கண்ணாடிக்கு முத்தம் கொடுக்கும்.

அவள் கணவனின் பள்ளித் தோழன் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். வண்டி அங்கேதான் போக வேண்டும் என்பது வீட்டில் யாரும் மீறாத சட்டம். தோழன் நல்லவன், வாய் நிறையத் தங்கச்சி என்பான். ஆனால் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் நோய் சொல்லிவிடுவான். முதலில் கிளட்ச் என்றான், மாற்றினான். அடுத்து பெட்ரோல் பம்ப் என்றான், அதையும் மாற்றினான். கடைசியில் தங்கச்சி ஓட்டுகிற விதம்தான் சரியில்லை என்றான். அதைக் கேட்டதும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கணவனோ எந்தப் பக்கமும் சாயாமல் செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டான்.

மறுநாள் அவன் வேலைக்குக் கிளம்பியதும், பக்கத்துப் பூக்கடைக்காரி சொன்ன இடத்துக்கு வண்டியை விட்டாள். ஏதோ திருடப் போவதுபோல வழியெல்லாம் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள். டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஒரு காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. முழு ஆளும் வெளியே வந்தபோதுதான் மெக்கானிக் ஒரு பெண் என்று தெரிந்தது. அக்கா என்று கூப்பிடுகிற வயது.

அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். மெக்கானிக் காரை எடுத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சமதரையில் கார் பரம சாது.

"என்னன்னு எனக்குத் தெரியலம்மா. தெரியாம எதையும் கழட்ட மாட்டேன். அடுத்து எப்ப கேக் ஏத்திட்டுப் போறீங்க? நானும் கூட வரேன்."

தெரியவில்லை என்று ஒரு மெக்கானிக் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அந்த ஒரு சொல்லில் பாதி பாரம் இறங்கிவிட்டது.

சனிக்கிழமை ஒரு கல்யாண ஆர்டர். மெக்கானிக் பின்சீட்டில் உட்கார்ந்து, கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல கேக் பெட்டியை அணைத்துக்கொண்டாள். மேட்டில் கார் வழக்கம்போல உதறியது. கேக் பிழைத்தது. மெக்கானிக் ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கி, பானெட்டைத் திறந்து, பிரேக்கை மிதித்தபடியே கிளட்சை மெல்ல விடச் சொன்னாள். அவ்வளவுதான், இன்ஜின் இருந்த இடத்தில் ஒரு துள்ளு துள்ளியது.

"இன்ஜினைத் தாங்குற ரப்பர் கிழிஞ்சிருக்கு. பாரம் ஏறுனா மொத்தமும் எகிறுது. நீங்க ஓட்டுறதுல ஒரு குறையும் இல்ல."

கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லமாட்டாளா என்றிருந்தது அவளுக்கு.

திங்களன்று ரப்பர் மாறியது. செவ்வாய் காலை, கணவன் காபியோடு உட்கார்ந்திருக்கும்போது வாசலில் எண்ணெய்க் கறைச் சட்டையோடு மெக்கானிக் வந்து நின்றாள். ஒரு நட்டை முழுசாக முறுக்கினோமா என்று சந்தேகம் வந்துவிட்டதாம். பார்க்காமல் வண்டியை எடுக்க வேண்டாம் என்றாள். குட்டு உடைந்தது. அவள் கணவன் பக்கம் திரும்பவே இல்லை.

மெக்கானிக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். நட்டு இறுக்கமாகவே இருந்தது. கை கழுவி, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

கணவன் தன் காபி டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு, "சந்தேகம்னு சொல்லி வீடு தேடி வர்றாங்களே. இனி அங்கயே விடு. அவன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான்.

அன்று மாலையே தோழனை வரவழைத்து, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். தோழன் முகம் வாடவில்லை.

"அந்த அக்காவா? எனக்குப் பிடிபடாத வண்டின்னா நானே அங்கதான் அனுப்புவேன்."

"அப்ப எங்க வண்டிய ஏண்ணா அனுப்பல?" என்றாள் அவள்.

"உங்கள எப்படி விட்டுக்கொடுக்கிறது தங்கச்சி?" என்றான் அவன், முகத்தில் ஒரு துளி வெட்கமில்லாமல்.

அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே மூன்று பேருக்கும் கேக் வெட்டினாள்.