இரண்டாம் முறை அளந்தது

ஆய்வுக்கூடத்தில் அவளைத் 'தராசு' என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை நிறுத்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். கடையில் வாங்கிய காய்கறியைக்கூட வீட்டுக்குப் போய் எடை போடுவாள் என்று கேலி பேசுவார்கள். அவளுக்கு அதில் கோபம் கிடையாது. உள்ளூரக் கொஞ்சம் கர்வம்தான்.

அந்த நகரத்து ஜனங்களுக்கு வயது எப்படி ஏறுகிறது என்பதைப் பல வருஷமாகப் பின்தொடரும் பெரிய ஆய்வு அது. ஆயிரக்கணக்கானவர்கள் ரத்தம் கொடுத்திருந்தார்கள். அதில் டெலோமியரின் நீளத்தை அளப்பது தராசின் பொறுப்பு. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிற மரபு இழைகளின் நுனியில், கைத்தடிக்குப் பூண் போட்டதுபோல ஒரு சின்னக் காப்பு இருக்கிறது. செல் பிரியப் பிரிய அது தேய்கிறது. அந்தப் பூணுக்குப் பெயர்தான் டெலோமியர்.

முதல் அளவை முடிந்தபோது ஆய்வுக்கூட இயக்குநர் சந்தோஷத்தில் நிலைகொள்ளாமல் நடந்தார். ஆற்றுக்கு அக்கரையில் இரும்பு உருக்கும் ஆலைகள். அங்கே இரவு வேலை பார்த்தவர்களின் பூண், இக்கரைக்காரர்களுடையதைவிட மிகவும் தேய்ந்திருந்தது. பத்திரிகைக்காரர்களை அழைக்க நாள் குறித்தாயிற்று.

தராசின் வீட்டில் அதைவிடக் கொண்டாட்டம். அவளுடைய மாமனார் அதே ஆலைகளில் ஒன்றில் உலைக்கு முன்னால் நின்று இரவு வேலை பார்த்தே ஓய்வு பெற்றவர். ஆய்வுக்கு ரத்தமும் கொடுத்தவர்.

"நாங்க வாயால சொன்னப்ப எவனும் கேக்கல. இப்ப எங்க ரத்தமே சொல்லிடுச்சு பாத்தியா! அதையும் என் மருமக அளந்து சொல்லிட்டா," என்று தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார்.

தராசுக்குத்தான் எங்கோ நெருடிக்கொண்டே இருந்தது. ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அக்கரைக்காரர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தாள். இரவு வேலையே பார்க்காத கணக்கர்கள், தையல்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள் எல்லோருக்கும் பூண் தேய்ந்திருந்தது. ஆலைப் பக்கமே போகாதவர்களுக்கு எப்படித் தேயும்?

உதவியாளரைக் கூப்பிட்டாள். ரத்தக் குழாய்களை ஓயாமல் சுமந்து நடப்பதால் அந்தப் பெண்ணுக்குச் 'சித்தெறும்பு' என்று பெயர்.

"அக்கரை ரத்தத்துல இருந்து டி.என்.ஏ. பிரிச்சது எங்கடி?"

"பழைய கட்டடத்துலக்கா. நம்ம மெஷின் ரிப்பேர்ல இருந்துச்சே. அங்க வேற முறையில கையாலேயே பிரிச்சாங்க."

"இக்கரையோடது?"

"மெஷின் வந்தப்புறம் இங்க." சொல்லிக்கொண்டிருக்கும்போதே சித்தெறும்புக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அக்கா!"

பிரித்தெடுக்கும் முறை மாறினால் அளவும் மாறும். அவர்கள் பார்த்தது இரண்டு கரை ஜனங்களின் வித்தியாசமா, இரண்டு முறைகளின் வித்தியாசமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பந்தியில எல்லாரும் உக்காந்தாச்சு. இப்ப வந்து அரிசி வேகலங்கறீங்களே!"

"வேகாததைப் பரிமாறினா வயித்துவலி நமக்கில்ல சார், சாப்பிட்டவங்களுக்கு," என்றாள். "பெட்டியில மிச்ச ரத்தம் உறைஞ்சு பத்திரமா இருக்கு. எல்லாத்தையும் ஒரே முறையில மறுபடி பிரிப்போம். ரெண்டு கரைக் குழாய்களையும் மாத்தி மாத்தி வெச்சு அளப்போம். எது யாரோடதுன்னு அளக்கற எங்களுக்கே தெரியக் கூடாது."

"எவ்வளவு காலம் ஆகும்?"

"மாசக்கணக்கா."

 இயக்குநர் தொலைபேசியை எடுத்துப் பத்திரிகைக்காரர்களை வரவேண்டாம் என்று சொன்னார்.

வீட்டில் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. மாமனாரின் முகம் சுருங்கிவிட்டது. "ஆலைக்காரன் உங்களை விலைக்கு வாங்கிட்டானா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அவளுக்குச் சுருக்கென்றது. அதற்கப்புறம் வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் வரும், போகும்.

வேலை தொடங்கியது. சிலருடைய ரத்தம் போதவில்லை. அப்படிப்பட்டவர்களை, இரண்டு கரையிலிருந்தும், மறுபடி அழைத்தார்கள். அக்கரையில் முணுமுணுப்பு கிளம்பியது. அளந்ததை அழிக்கிறார்கள் என்று வதந்தி. அக்கரைக்காரர்களுக்குக் குறித்த நாளில் ரத்தம் எடுக்கும் அறையில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

அடுத்த வாரம் தராசு அறைக்குள் நுழைந்தபோது வரிசை வாசலைத் தாண்டி நின்றது. எல்லோரும் அக்கரைக்காரர்கள். முன்னால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாமனார்.

"மாமா! உங்க ரத்தம் போதுமான அளவு இருக்கே!"

"தெரியும். இவனுங்களுக்குத் தைரியம் வரணுமில்ல? அதான் முதல் ஆளா நிக்கறேன்." குரலைத் தாழ்த்தினார். "நிஜமாவே தேஞ்சிருந்தா ரெண்டாவது தடவ அளந்தாலும் தேஞ்சுதான் இருக்கும். அன்னைக்கு வாய் தவறிப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதம்மா. அள."

 சித்தெறும்பு அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, ரத்தம் எடுக்காமலே பஞ்சு ஒட்டி அனுப்பினாள். பார்த்தவர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது.

மழைக்காலம் போய் வெயில் வந்தபோது அளவை முடிந்தது. எந்தக் குழாய் யாருடையது என்ற அடையாளத்தைத் திறந்தார்கள். கணக்கர்களும் தையல்காரர்களும் இக்கரைக்காரர்களோடு சமமாக நின்றார்கள். முதலில் கண்ட பெரிய வித்தியாசத்தில் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. ஆனால் இரவு வேலைக்காரர்களின் பூண் தேய்ந்துதான் இருந்தது. வயது, புகை, நோய் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் அந்த மிச்சம் அசையவில்லை. தராசு அதோடு விட்டாளா? ஒரு பகுதியை எந்த விவரமும் சொல்லாமல் வேறொரு நாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். அவர்களும் அளந்து அதையே சொன்னார்கள்.

வீட்டில் மாமனார் ஆவலோடு கேட்டார். "என்னோடது எவ்வளவும்மா தேஞ்சிருக்கு?"

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்வாங்களே மாமா, இங்க அது செல்லாது. ஒருத்தரோட அளவை வெச்சு அவரோட ஆயுசைச் சொல்ல முடியாது. இங்க முழுப் பானையையும் பாத்தாத்தான் பதம் தெரியும்."

"அப்ப நான் ஒரு பருக்கை."

"ஆமா மாமா. ஆனா நீங்க இல்லாம பானை இல்ல."

அவர் சத்தம் போட்டுச் சிரித்தார்.

முடிவை அறிவித்த நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. இயக்குநர் எழுந்து, முதல் அளவை ஏன் குப்பைக்குப் போனது என்பதைத்தான் முதலில் சொன்னார். பின்வரிசையில் ஒரு பத்திரிகைக்காரர், "அப்ப வித்தியாசம் சின்னதுதானே?" என்று இழுத்தார்.

தராசு ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தாள். 

"சின்னதுதான். எங்களால முடிஞ்ச அளவுக்கு உடைச்சுப் பாத்துட்டோம், உடையல. இனிமே நீங்களும் உடைச்சுப் பாருங்க. அளந்த முறை, ஒவ்வொரு அளவு எல்லாத்தையும் பேரில்லாம வெளியிடறோம்."

ஆலைத் தொழிலாளர்கள் கைதட்டினார்கள். ஆலை நிர்வாகத்தின் சார்பில் வந்திருந்த மருத்துவர் மட்டும் கொஞ்சம் தயங்கினார். பிறகு அவரும் எழுந்து வந்து, இரவு வேலை முறையை மாற்றி அமைத்தால் மறுபடி அளந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள் தராசு.

மாமனார் கைதட்டவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, பக்கத்தில் யார் என்றுகூடப் பார்க்காமல், "என் மருமக," என்றார்.

"நானும் அளந்தேன்," என்றாள் பக்கத்தில் இருந்த சித்தெறும்பு.