பச்சைக் கோடு

அடுப்பை அணைக்கப் போன அக்கா, "கண்ணை எடுக்காம பாத்துக்கோ" என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். விஞ்ஞானி கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருந்தது கட்டிலில் கிடந்த அப்பாவை அல்ல, மெத்தை மேல் வைத்திருந்த கைப்பேசியை.

விஞ்ஞானி என்பது அப்பா வைத்த பட்டம். பகலெல்லாம் ஒரு கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறவன், லீவு நாளில் மற்ற மனிதர்களைப் போலத் தூங்காமல், கைக்காசைப் போட்டு அதே வேலையைத்தான் செய்தான். குழாய் சொட்டுவதை எண்ணும் நிரல் ஒன்று. பக்கத்து வீட்டுப் பூனையை அடையாளம் காணும் கேமரா ஒன்று. அது அக்கா புருஷனையும் பூனை என்றே சாதித்தது. கணக்குப் போட்டால்தான் வாயை மூடும் அலாரம் ஒன்று. எல்லாமே முக்கால்வாசியில் நின்றவை. இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று அப்பா கேட்டால், சும்மா கற்றுக்கொள்ளத்தான், ஒரு ஜாலிக்கு என்பான். நன்றாகக் கற்றுக்கொள், ஆனால் ஒன்றையாவது முடித்துத் தொலை என்பார் அவர்.

மெத்தைப் பட்டையும் அந்த வரிசையில் வந்ததுதான். தன் தூக்கத்தை அளக்கச் செய்தான். விரிப்புக்கு அடியில் அந்த மெல்லிய பட்டையை வைத்தால், மூச்சின் அசைவு கைப்பேசியில் பச்சைக் கோடாக ஏறி இறங்கும். நுரையீரலுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரி கைவிரித்து அப்பாவை வீட்டுக்கு அனுப்பியதும், அதை அவர் முதுகுக்கு அடியில் வைத்தான். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் இதுவல்லவோ பாசம் என்றார்கள். அது பயம் என்று அவனுக்கு மட்டும் தெரியும். அந்த முகத்தில் அது நடப்பதைப் பார்க்க அவனால் ஆகாது. கோட்டில் நடந்தால் பார்த்துவிடலாம்.

வைத்த புதிதில் ஒரு நாள் காலையில் கோடு படுத்துக்கொண்டது, கைப்பேசி அலறியது. வீடே அடித்துப் பிடித்து ஓடியது. அக்கா புருஷன் பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்றார். அப்பா கண்ணைத் திறந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இன்னும் இல்லடா. போய் வேலையப் பாருங்க."

அன்றைக்கே பட்டையின் கூர்மையை இருக்கிற உச்சத்துக்கு ஏற்றிவிட்டான். எவ்வளவு மெலிந்த மூச்சையும் இனி அது தவறவிடாது.

இப்போது கட்டிலோடு ஒட்டி நாற்காலியைப் போட்டு, இரண்டு முழங்கைகளையும் மெத்தையில் ஊன்றி, கோட்டின் மேலேயே கவிழ்ந்திருந்தான். கோடு அழகாக ஏறி இறங்கியது. சில நாட்களாக இவ்வளவு சீராக இருந்ததில்லை.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். வந்தவள் கட்டிலருகே நின்றுவிட்டாள். குனிந்து, புறங்கையை அப்பாவின் மூக்கருகே கொண்டுபோனாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"டேய். அப்பா போயிட்டாருடா."

"இல்லக்கா. இங்க பாரு, மூச்சு வருது."

அவள் பார்த்தாள். பச்சைக் கோடு ஏறியது, இறங்கியது. சத்தம் கேட்டு வந்த அவள் புருஷன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை ஆராய்ந்தார். தன்னைப் பூனை என்ற வகையறா ஆயிற்றே என்று ஒரு கணமும் யோசிக்காமல், மிஷினே சொல்லும்போது நாம் அவசரப்படக் கூடாது என்று தீர்ப்பளித்தார். டாக்டருக்கு நிலவரத்தைத் தெளிவாக விளக்குகிறேன் என்று தொண்டையைச் செருமிக்கொண்டே கூடத்துக்குப் போனார்.

"கையத் தொட்டுப் பாருடா" என்றாள் அக்கா.

அப்பாவின் கை அவன் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. அவன் தொடவில்லை. அவனுக்கு மூச்சு இரைத்தது. திரையில் கோடும் வேகம் பிடித்தது.

அவன் அதைப் பார்த்தான். அப்பாவுக்கு இந்த வேகத்தில் மூச்சு வாங்கி மாதக்கணக்கில் ஆகிறது.

வாயை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டான். கோடு இரண்டு முறை நடுங்கியது. பிறகு படுத்துக்கொண்டது.

கூடத்தில் அக்கா புருஷன், நம்பிக்கை இருக்கு டாக்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். விஞ்ஞானிக்குக் காது அடைத்தது, கண் இருண்டது. கைப்பேசி அலறப்போகும் கடைசி நொடியில் தாங்க முடியாமல் மூச்சை விட்டான். கோடு எழுந்து நடந்தது.

அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"முழங்கைய எடுடா" என்றாள் மெதுவாக.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்க்கா."

அவள் கட்டிலைச் சுற்றிப் போய், அப்பாவுக்கு அந்தப் பக்கம் மெத்தை விளிம்பில் உட்கார்ந்தாள். திரையில் கோடு ஒரு குலுங்கு குலுங்கியது. பிறகு அதற்குள் இன்னொரு அலையும் புகுந்துகொண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒழுங்கில்லாமல் ஓடத் தொடங்கியது.