ஞாயிற்றுக்கிழமை அடித்த டீ மணி

தாராவியில் சுனிதா பை தைக்கும் பட்டறை இருந்த கட்டடத்தின் வெளிச்சுவரில், தெருவைப் பார்த்தபடி, சிவப்புத் தாம்பாளம் போல ஒரு மணி இருந்தது. தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் கொட்டும் ஸ்பிரிங்க்ளர் குழாய்களோடு அதையும் சேர்த்து மாட்டியிருந்தார்கள். பட்டறை போட்ட நாளிலிருந்தே ஒரு சந்தேகம் சுனிதாவைக் குடைந்துகொண்டிருந்தது. தீ பிடிப்பது உள்ளே. மணியை எதற்குத் தெருவில் மாட்டினார்கள்?

சனிக்கிழமைதோறும் சாயங்காலம் அதைச் சோதித்துப் பார்க்க வரும் சாய்நாத்திடம் கேட்டாள். தமிழர்கள் நடுவே வேலை பார்த்து அரைகுறைத் தமிழ் பழகியவன் அவன்.

“இதுக்குக் கரண்ட் வேணாம் தீதி. பைப்ல தண்ணி ஓடினா உள்ள சக்கரம் சுத்தும், சுத்தியல் அடிக்கும். பஸ், அவ்ளோதான்.”

“அது சரி. வெளிய எதுக்குங்கேன்?”

“ரூல் ஹை நா!”

அவன் சோதித்து முடிப்பதும், கீழே டீக்கடை ஜெயினுலாப்தீன் கெட்டிலோடு படியேறுவதும் ஒன்றாகவே நடக்கும். போகப்போக அது டீ மணியாகிவிட்டது. மணிக்குக் கீழே ஏதோ அறிவிப்புப் பலகை இருந்தது. அதன்மேல் ஜெயினுலாப்தீன் தன் விலைப்பலகையை மாட்டினார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கட்டிங் சாயா என்கிற அரை கிளாஸ் டீ என்ன விலை என்பதுதான் எல்லாருக்கும் வேண்டியிருந்தது.

ஜூன் பிறந்ததும் சுனிதாவுக்கு மணியை நினைக்க நேரமில்லை. மேல்மாடியில் தனசீலனிடம் கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தவள், கீழ்மாடியில் தனியாக மெஷின் போட்டுப் பிடித்த முதல் ஆர்டர். செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பைகள். திங்கள் காலை டெம்போ வரும். தவறவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது. தனசீலனிடமே திரும்பிப் போகவேண்டியதுதான்.

“ஒன் மெஷினுக்கு எடம் ஒழிச்சு வச்சிருக்கேம்ளா,” என்று பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார் அவர்.

“அந்த எடத்துல கட்டிலப் போட்டுப் படுங்க அண்ணாச்சி,” என்பாள் இவள்.

ஞாயிறு காலை பெட்டிகளைக் கட்டி அடுக்கி, பட்டறையைப் பூட்டிவிட்டு, அம்மா லூசியம்மாளோடு சர்ச்சுக்குப் போனாள். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே மணிச்சத்தம்.

“ஏளா, ஞாயித்துக்கெழமையுமா டீ குடிக்காவ?” என்றாள் லூசியம்மாள்.

கடையில் நாலைந்து பேர் கிளாஸுக்குக் காத்து நின்றார்கள். ஜெயினுலாப்தீன் அடுப்பைப் பற்றவைத்தபடி பொரிந்துகொண்டிருந்தார். “இந்த சாய்நாத் பயலுக்கு அறிவிருக்கா? சொல்லாம கொள்ளாம வந்து அடிக்கான். பாலுக்கு எங்க போவேன்?”

சுனிதா நின்றாள். சாய்நாத் அடித்தால் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு அடி அடித்து ஓய்ந்துவிடும். இது ஓயவே இல்லை.

“அவனப் பாத்தியளா பாய்?”

“மணிச் சத்தத்தத்தான் கேட்டேன்.”

“ஞாயித்துக்கெழம அவன் வாஷி வீட்டுலல்லா இருப்பான்! அப்ப தண்ணியத் திறந்துவிட்டது ஆரு?”

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, விலைப்பலகையைத் தூக்கிப் பார்த்தாள். மணி அடித்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லவும் என்று மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. நிமிர்ந்தாள். தனசீலன் பட்டறையின் ஜன்னல் இடுக்கில் மெல்லிய புகை. அதற்கு நேர்கீழே அவளுடைய பெட்டிகள்.

ஸ்டூலில் நின்றபடியே 101-ஐ அழைத்தாள்.

வண்டி வந்தது. தனசீலன் பட்டறைப் பூட்டை உடைத்துப் பார்த்தால், பசை டின் பக்கத்தில் சார்ஜில் போட்ட போன் கரிக்கட்டையாகக் கிடந்தது. நெருப்பு ஏற்கெனவே அணைந்திருந்தது. தண்ணீர்தான் நிற்காமல் கொட்டித் தரை விரிசல் வழியே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் உள்ளே போகலாம் என்று தீயணைப்புக்காரர் கையசைத்ததும் சுனிதா தன் பட்டறைப் பூட்டைத் திறந்தாள். டீக்குக் காத்திருந்தவர்களே பெட்டிகளைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்கினார்கள். அரக்கப்பரக்க ஓடிவந்த தனசீலனும் ஒரு பெட்டியைத் தோளில் ஏற்றினார்.

“ஒங்க சாமான் அண்ணாச்சி?”

“இனி நனைய என்னளா இருக்கு அங்க? இதப் பிடி.”

வால்வை மூடினார்கள். மணி நின்றது.

மதியம் சாய்நாத் வந்தான். சுனிதா விடவில்லை. “உள்ள ஆளில்லாதப்ப தெருவுல போறவன் காதுல விழணும். அதுக்குத்தான வெளிய?”

“ரூல்னு சொன்னேன்ல தீதி.”

“சரி, கூரைக் குழாய்ல அத்தன மூக்கு இருக்கு. ஒண்ணுல மட்டும் எப்படித் தண்ணி வந்துச்சு?”

அவன் தனசீலன் பட்டறைத் தரையிலிருந்து சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றைப் பொறுக்கிக் காட்டினான். ஒவ்வொரு மூக்கையும் ஒரு கண்ணாடிக் குமிழ் அடைத்திருக்கும், சூடு பட்ட இடத்துக் குமிழ் மட்டும் உடையுமாம். அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் அவள்.

மேலடுக்குப் பெட்டிகள் நனைந்திருந்தாலும் உள்ளே பாலிதீன் உறை பைகளைக் காப்பாற்றியிருந்தது. புது அட்டைப்பெட்டி வாங்கி மாற்றிக் கட்டினாள். திங்கள் காலை டெம்போ பைகளோடு செம்பூருக்குக் கிளம்பியது.

அது தெரு திரும்பும்வரை பக்கத்தில் நின்ற தனசீலன் தொண்டையைச் செருமினார். “ஏளா, மேல காயுத வரைக்கும் ரெண்டு மெஷின ஒன் பட்டறையில போட்டுக்கிடட்டா?”

“எடம் ஒழிச்சு வச்சிருக்கேன் அண்ணாச்சி,” என்றாள் சுனிதா.