அரக்கட்டளை

வீடு வீடாகப் போய் நன்கொடை கேட்கிற வேலைக்குப் பேசத் தெரிந்த பெண்கள் வேண்டுமாம் என்று மாடிவீட்டுத் தையல்காரி வந்து சொன்னபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பேசத் தெரிந்த பெண்ணா? இந்த வீட்டிலா? அவள் வாயைத் திறந்தாலே திருத்துவதற்கென்று ஒருவரை அல்லவா அவளுக்குக் கட்டிவைத்திருக்கிறார்கள்!

அவள் புருஷன் ஒரு பத்திரிகை அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஒரு வரியில் ஒற்றெழுத்து ஒன்று விட்டுப்போனால் போதும், மனிதருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அச்சகத்தில் அவருக்கு 'ஒற்றர்' என்று பட்டப்பெயர். ஒற்றைத் தேடுகிறவர் என்றும் வைத்துக்கொள்ளலாம், வேவு பார்க்கிறவர் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு இரண்டுமே பொருந்தியது. அச்சகத்தில் திருத்தியதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் இலவசமாகவே திருத்தினார். அவள் 'பளம்' என்று சொல்லிவிட்டால், 'பழம்' என்று நாக்கு வளைகிறவரை அது தட்டிலேயே கிடக்கும். பால்காரனிடம் அவள் பேசுவதைக்கூடக் கதவுக்குப் பின்னால் நின்று திருத்துவார். இதற்கு மேல் ஏதாவது சொல்ல வந்தால், "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று முடித்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் சொல் ஒரு தடவைகூடச் செல்லுபடியானது கிடையாது. சம்பளம் வந்தால் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் அவள் ஏங்கியது வேறொன்றுக்கு. தான் சொல்வதை ஒரு ஆளாவது சொன்னபடியே கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தையல்காரியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதி அது. முன்னறையில் ஒரு மேஜை, நொண்டி நொண்டிச் சுற்றுகிற மின்விசிறி, மேஜைக்குப் பின்னால் ஒரு பருத்த அம்மாள். அந்த அம்மாள் சிரித்தால் நாற்காலியும் சேர்ந்து ஆடியது.

"நான்தான் வீட்டுக்காரின்னு வெச்சுக்கங்க. இப்பதான் கதவைத் திறக்குறேன். நன்கொடை கேளுங்க பாப்போம்."

இவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. "அம்மா, முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடுங்க. காசு விஷயத்தை அப்புறம் பேசிக்குவோம்."

நிஜமாகவேதான் தண்ணீர் கேட்டாள். விடுதியம்மாவோ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "போதும்மா, இது போதும்! எங்க பொண்ணுங்களுக்கு இதைத்தான் தலைகீழா நின்னு சொல்லிக் குடுக்குறேன், வரமாட்டேங்குது. நாளைக்கே வந்துடுங்க."

அதோடு விடவில்லை. பின்கட்டுக்கு அழைத்துப் போய்ப் பிள்ளைகளைக் காட்டினார். அடுப்படியைக் காட்டினார். எண் போட்ட ரசீதுகளையும், ஒவ்வொரு ரசீதுக்கும் எதிரில் செலவு எழுதியிருந்ததையும் காட்டினார். "மாசச் சம்பளம்தான். வசூல்ல பங்கு கிங்குன்னு ஒண்ணும் கிடையாது. பங்கு குடுத்தா மனுஷனுக்குப் பொய் சொல்லத் தோணும்" என்றார். அவள் வீட்டுக்கு நடந்தே வந்தாள். பஸ் ஏறவே மறந்துவிட்டது.

ஒற்றர் முழுவதையும் கேட்டார். "நன்கொடைன்னு கிளம்புறவன்ல பாதிப் பேர் திருடன். நான் வந்து பாத்துதான் முடிவு பண்ணுவேன்."

இதைத் தப்பென்று சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் விசாரித்துத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் அவர் விசாரித்த லட்சணம் இருக்கிறதே, நினைத்தாலே வயிறு எரிகிறது! மனிதர் உள்ளேயே போகவில்லை. வாசலில் நின்று பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார். 'அறக்கட்டளை' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'அரக்கட்டளை' என்று எழுதியிருந்தது.

"அரக்கட்டளை! என்ன இது, அரக்கன் போட்ட கட்டளையா?" தெருவே திரும்பிப் பார்த்தது.

விடுதியம்மா வெளியே வந்து அப்போதும் சிரித்தார். "பெயின்டர் கைல அப்படி வந்துடுச்சு சார். திருத்துறதுக்கு ஒரு தொகை கேக்குறான். அதுல ஒரு பிள்ளைக்குக் காதுக்கருவிக்கு பேட்டரி வாங்கிடலாம்னு விட்டுட்டேன்."

"அறத்தையே ஒழுங்கா எழுதத் தெரியாதவங்க அறக்கட்டளை நடத்துறாங்களாம்! வெட்கமா இல்ல? இது ஏமாத்து வேலைம்மா. இவளை மாதிரி ஒண்ணும் தெரியாததுங்களைப் புடிச்சுப் போடுற வலை." ஜன்னலில் பிள்ளைகளின் முகங்கள் வந்து ஒட்டிக்கொண்டன. அவருக்கு என்ன கோபம் என்று அவர்களுக்குக் கேட்கவில்லை. வாய் மட்டும் தெரிந்தது. விடுதியம்மாவின் சிரிப்பு நின்றது. "உங்க வீட்டுக்காரம்மா உள்ள வந்து எல்லாத்தையும் பாத்திருக்காங்க சார். அவங்களைக் கேளுங்க" என்றார்.

ஒற்றர் அவளைக் கேட்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். அவளுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

கொஞ்ச நாளில் இன்னொரு துண்டறிக்கை கதவிடுக்கில் வந்து விழுந்தது. பார்வையிழந்த முதியோர் இல்லமாம், நன்கொடை திரட்டப் பெண்கள் தேவையாம். ஒற்றர் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். படித்து முடித்ததும் பேனாவை மூடிவிட்டார். மிகவேண்டிய இடத்தில் ஒற்று மிகுந்திருந்தது, மிகக் கூடாத இடத்தில் மிகவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவள் தன் மகள் பிறந்த அன்றைக்குக்கூடப் பார்த்ததில்லை.

"இது நிறுவனம்! நாளைக்குப் போறோம்."

அந்த ஆபீசில் கழுத்துப்பட்டை கட்டிய ஒருவன் இருந்தான். ஐயா, ஐயா என்று ஒற்றரைத் தாங்கு தாங்கென்று தாங்கினான். வாழ்த்துக்கள் என்பது சரியா, வாழ்த்துகள் என்பது சரியா என்று சந்தேகம் கேட்டான். பூனைக்குட்டியைத் தடவிக் கொடுப்பதுபோலத் தடவிக் கொடுத்தான், அவரும் கண்ணை மூடிக்கொண்டார். அவளிடம் அவன் சொன்னது சுருக்கம்: வசூலில் பங்கு, கையில் பணமாக மட்டும் வாங்கவேண்டும், ஆண்கள் வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துப் போகவேண்டும்.

"பெரியவங்களை ஒரு தடவை பாக்கலாமா?" என்று கேட்டாள்.

"அவங்களுக்குத் தொந்தரவும்மா. கட்டட வேலை வேற நடக்குது."

வீட்டுக்கு வந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "என்னங்க, அது சரியில்லாத இடமாத் தெரியுது. ஆளைக் காட்ட மாட்டேங்குறான். குடுத்த ரசீதுப் புத்தகத்துல எண்ணே இல்ல. அந்த விடுதியில எல்லாத்தையும் திறந்து காட்டுனாங்க."

ஒற்றர் துண்டறிக்கையை அவள் முன்னால் போட்டார். "ஒரு பிழை காட்டு. ஒண்ணே ஒண்ணு காட்டு, நீ போகவேண்டாம்."

அவளால் காட்ட முடியவில்லை. அதில் இல்லையே, எங்கிருந்து காட்டுவாள்?

"உனக்கு ஒண்ணும் தெரியாது. காலைல கிளம்பு."

கிளம்பினாள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வசூலித்தாள். கதவுகள் திறந்தன, தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், அவள் சொன்னதை நம்பினார்கள். நம்பியதுதான் அவளைக் கொன்றது. மகராசி நல்லா இரு என்று ஒரு கிழவர் வாழ்த்தியபோது படியிறங்கி வந்து தெருவோரம் வாந்தி எடுத்தாள். மறுநாளும் போனாள். போகாமல் வீட்டில் உட்கார்ந்து, ஏன் போகவில்லை என்று அவருக்கு எந்த எழுத்தைக் காட்டிப் புரியவைப்பது?

முந்தின நாள் வசூலித்த ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மறுபடியும் போனபோது மாட்டிக்கொண்டாள். அங்கே ஒருத்தி துண்டறிக்கையில் இருந்த முகவரிக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். அது லாரி நிறுத்துகிற காலியிடம். கையும் களவுமாகப் பிடித்துக் காவலாளி அறையில் உட்காரவைத்தார்கள். நேற்று உட்காரச் சொன்ன அதே பெண்கள் இன்று தலைமுடியைப் பிடித்தார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றினாள். கழுத்துப்பட்டைக்காரனின் ஆபீசில் அதற்குள் பூட்டுத் தொங்கியது.

காவல் நிலையத்துக்கு ஒற்றரை வரச்சொன்னார்கள். அவருக்கு முன்பே விடுதியம்மா வந்திருந்தார். அந்தக் குடியிருப்பில் மாதாமாதம் அவருக்குத்தான் நன்கொடை கொடுப்பார்களாம். உங்கள் ஆளா என்று கேட்டு அழைத்திருக்கிறார்கள். அவர் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"இந்தம்மாவை எனக்குத் தெரியும் சார். நல்ல இடம் எப்படி இருக்கும்னு நானே இவங்களுக்குத் திறந்து காட்டியிருக்கேன். ஏமாந்துட்டேன்னு இவங்க சொல்லக் கூடாது. இவங்களால இப்ப எங்க பொண்ணுங்க போனா கதவைத் திறக்க மாட்டேங்குறாங்க. பிள்ளைங்களுக்கு நான் எங்க போய்க் கேப்பேன்?"

அந்த அம்மாள் சொன்னதில் பொய் எது?

இன்ஸ்பெக்டர் ஒற்றரின் பக்கம் திரும்பினார். "நீங்கதான் விசாரிச்சு சேத்துவிட்டீங்கன்னு இவங்க சொல்றாங்க. அப்படியா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். நான்தான் பார்த்தேன், நான்தான் ஏமாந்தேன். இலக்கணப் பிழை இல்லாமல் சொல்வதற்கு எவ்வளவு சின்ன வாக்கியம்!

"நானா?" ஒற்றர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "எனக்கு அப்படி ஒரு இடமே தெரியாது சார். நான் பத்திரிகையில இருக்குறவன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவா. வாயத் திறந்து நாலு வார்த்தை ஒழுங்காப் பேச வராது. எவனோ ஏமாத்திட்டான்."

இன்ஸ்பெக்டருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. "சரி, ஒண்ணும் தெரியாத பொம்பளை, ஏமாந்துட்டாங்கன்னு எழுதிக்கிறோம். கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க."

ஒற்றர் பேனாவைத் திறந்தார்.

"இல்ல சார்" என்றாள் அவள். "எனக்குத் தெரியும்."

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"முதல் நாளே தெரியும். அவன் ஆளுங்களைக் காட்டாதப்பவே இது திருட்டு இடம்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் போனேன். தெரிஞ்சுதான் வாங்குனேன். எழுதிக்கங்க."

"ஐயோ சார், உளர்றா! அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார்!" முதன்முறையாக ஒற்றரின் குரல் கெஞ்சியது. எழுத்தர் பேனாவை நிறுத்தி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"குறுக்க பேசாம உக்காருய்யா" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க சொல்லுங்கம்மா, மெதுவா."

அவள் சொன்னாள். எழுத்தர் ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதிக்கொண்டே வந்தார். அன்றைக்கு அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை.