அமைதிப் பெட்டி

கிடங்கில் அவரை எல்லோரும் ஒட்டகம் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு ஏற்றினாலும் முனகாத முதுகு. அவர் முனகியது செல்போனிடம் மட்டும்தான். எந்த லாரி, எந்த வரிசை என்று வேலையெல்லாம் அதில்தான் வரும். கூடவே வாழ்த்து, அறிவிப்பு, எச்சரிக்கை என்று நாளுக்கு நூற்றைம்பது. நாற்பது வயதுக்குமேல் எழுத்துக் கூட்டப் பழகியவர் ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் ஒன்பது வந்து அதன் தலையில் ஏறி உட்காரும்.

அந்தச் செல்போன் திரையை மாற்றி அமைக்க ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெட்டிமேல் உட்கார்ந்து, அவர் விரல் தடுமாறும் இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டாள்.

“எது வேணாம்னு நீங்களே சொல்லுங்கண்ணா.”

“இந்த ஆபீஸ் நோட்டீஸ்தாம்மா. எனக்கும் அதுக்கும் ஏழாம் பொருத்தம். கண்ணுல படாம எங்கயாவது தள்ளிடு.”

“அமைதிப் பெட்டின்னு ஒண்ணு வைக்கிறேன். சத்தம் போடாம அதுக்குள்ள போயிடும். அப்புறம் தேட மாட்டீங்களே?”

“நானா? நல்லா கேட்ட போ!”

மறுவாரம் திரை துடைத்துவிட்ட பலகைபோல இருந்தது. ஒரு லாரி, ஒரு வரிசை, பெரிய எழுத்தில். வாயெல்லாம் பல்லாக எல்லோரிடமும் காட்டினார்.

வியாழக்கிழமை மனைவிக்குக் கண் ஆபரேஷன். ஆறு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. கையெழுத்துப் போட்டுக் கூட நிற்க அவரை விட்டால் ஆளில்லை. போனிலேயே லீவு கேட்டிருந்தார். திரை வாயே திறக்கவில்லை. புதன் சாயங்காலம் சூப்பர்வைசரிடம் போய் நின்றார்.

“லீவு திங்கக்கிழமையே வந்துச்சேண்ணே! ஒரு நாளைக்குள்ள ‘சரி’ன்னு அமுக்கணும். நீங்க அமுக்கல, வேற ஆளுக்குப் போயிடுச்சு.”

“எங்க தம்பி வந்துச்சு?”

அவன் போனை வாங்கி அமைதிப் பெட்டியைத் திறந்தான். ஆயிரம் நோட்டீசுக்கு நடுவில் லீவு, சத்தமில்லாமல் படுத்திருந்தது.

“நீ பார்த்து மாத்திவிடேன்.”

“நான் என்னண்ணே பண்ணுவேன்? நானும் அமுக்குற ஆளுதான். சொல்லாம வேலைக்கு வராம நின்னீங்கன்னா சிஸ்டம் பேரையே எடுத்துடும்.”

அந்த நேரம் பார்த்து மனைவி போனில் கூப்பிட்டாள்.

“நாளைக்கு எத்தனை மணிக்குங்க கிளம்பணும்? பச்சைப் புடவை எது, நீலம் எதுன்னே தெரியல. நீங்க வந்து எடுத்து வைங்க.”

“ம்” என்றார்.

காதிலிருந்து எடுத்ததும் திரை விழித்தது. நாளை காலை ஆறு மணி. நான்காம் வரிசை. ஓர் எழுத்துகூடத் தடுக்காமல் அவரால் படிக்க முடிந்தது.